ஆல்டோவுக்கு எத்தனை மார்க்கு?

போன மாதம் ஒரு சாவு வீட்டில் விளம்பரம் கேட்டேன். நம்ப மாட்டீர்கள். என் காதையே நான் நம்பவில்லை.

பந்தலுக்கு அடியில் ஐஸ் பெட்டிக்குள் எங்கள் பழைய தலைமையாசிரியர் படுத்திருக்கிறார். கால்மாட்டில் ஒரு ஸ்டூல், அதன் மேல் கறுப்பாக ஒரு சின்ன ஸ்பீக்கர். பெங்களூரிலிருந்து வந்திருந்த பேரன் தன் போனிலிருந்து அடக்கப் பாட்டைப் போட்டுவிட்டிருந்தான். இரண்டாவது சரணம் முடிந்து பெண்களெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைக்கிற இடம் ஒன்று உண்டு அந்தப் பாட்டில். சரியாக அந்த இடத்தில் பாட்டு நின்றது. ஒரு பெண்பிள்ளை துள்ளலாக, "உங்க பிள்ளையும் டாக்டர் ஆகணுமா? இன்னைக்கே சேருங்க!" என்றாள்.

பந்தலில் யாரும் அசையவில்லை. போதகர் தலையை உயர்த்திப் பந்தல் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அவர் மெதுவாகச் சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கும். "செத்த பொறவும் சாரு அட்மிசன் போடுதாரு, பாத்தியாவே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தேன். பார்த்தவர்கள் நான் குலுங்கி அழுவதாக நினைத்து முதுகில் தடவிக்கொடுத்தார்கள். இப்படித்தான், வாழ்நாளில் நான் அழுததாக ஊர் நினைத்திருப்பதில் பாதி சிரிப்புதான். குனிந்த இடத்தில் மூக்கில் ஏறியது அந்த வாசனை. ஐஸ் பெட்டியிலிருந்து கசிகிற தண்ணீர் ஓடாமலிருக்கக் கீழே சாக்கு விரித்திருந்தார்கள். ஈரச் சாக்கு. பழைய அரிசிச் சாக்கு.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு அறையின் வாசனை அதுதான்.

பாட்டு அறை என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மதிய உணவு அரிசி அடுக்குகிற பின்கட்டு அறை. பாதியில் சாக்கு, பாதியில் நாங்கள். மழைக்காலத்தில் ஓடு ஒழுகி அடிச் சாக்கு நனையும். அந்தப் புழுங்கல் நெடியில் உட்கார்ந்துதான் நாங்கள் டோ, ரே, மீ படித்தோம். சுவரில் நீளமாக ஒரு துணிச் சார்ட் தொங்கும். ரோஸ்லெட் டீச்சர் குச்சியால் அதில் மேலும் கீழும் தொடுவார். தொட்ட இடத்துக்கு எங்கள் தொண்டை ஏறி இறங்கும். மிஷன் பள்ளிக்கூடம் என்பதால் பாட்டு என்றால் நாலு குரல் பாட்டுதான். மேலே சோப்ரானோ, அதற்குக் கீழே ஆல்டோ, பையன்களில் டெனர், பேஸ். ஆளுக்கொரு மூலை. எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவோம், ஆனால் ஆளுக்கொரு வழியில். கடைசியில் ஒரே இடத்தில் போய்ச் சேருவோம், சேர்ந்தால்.

டீச்சர் நயமானவர் என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம், அந்தக் கோபம் முழுக்க எங்கள் காதில்தான் இறங்கும். வரிசைக்குள் நடந்து ஒவ்வொரு வாய்ப்பக்கமும் காதைக் கொண்டுவருவார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். தவறினால் கிள்ளு. அவர் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்றுதான். "பக்கத்துல நிக்கவளுக்க சத்தம் ஒனக்குக் கேக்கலைன்னா நீ கத்துத, பாடல."

அந்தச் சட்டம் எனக்காகவே போட்டது. என் குரல் அப்போது கோயில் மணி. டீச்சர் சொன்னார், "ஒனக்குத் தொண்டை உண்டு மக்களே, செவிதான் இல்ல." அதனால் சோப்ரானோவில் போட்டார். சோப்ரானோ என்றால் பாட்டின் மெட்டு, எல்லோருக்கும் தெரிந்தது, பிடித்துக்கொண்டு ஓடலாம். ஆல்டோ அப்படியில்லை. நான் தையல்காரி, என் பாஷையில் சொல்கிறேன். மெட்டு என்பது மேல்துணி. ஆல்டோ லைனிங். கல்யாண வீட்டில் யாரும் லைனிங்கைப் பார்த்து, அடடா என்பதில்லை. ஆனால் லைனிங் இல்லாத ஜாக்கெட்டை இரண்டு தடவை துவைத்துப் பாருங்கள்.

அந்த லைனிங்தான் தங்கபுஷ்பம்.

அவள் அஞ்சுகிராமம் போகிற ரோட்டில் தேங்காய் வியாபாரம் செய்தவரின் மகள். அய்யாவழிக் குடும்பம். வகுப்பில் கடைசி பெஞ்சு. கணக்கில் அவளுக்கு எண்கள் நின்ற இடத்தில் நிற்காது. ஏழு எழுதினால் அடுத்த வரியில் அது ஒன்றாகியிருக்கும். கேள்வி கேட்டால் எழுந்து நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தைப் பார்ப்பாள். மண்டு, மரம் என்று பெயர்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன்; எங்கள் வகுப்பில் அது திட்டுகூட இல்லை, அட்டெண்டன்ஸ் மாதிரி.

பாட்டு அறைக்குள் நுழைந்தால் கதை மாறும். ஆல்டோவில் நின்ற மற்றப் பெண்கள் பாதிப் பாட்டில் நழுவி மெட்டுக்கு வந்துவிடுவார்கள். என் தொண்டை அவர்களை இழுத்துவிடும், பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுகிறமாதிரி. தங்கபுஷ்பத்தை மட்டும் யாராலும் இழுக்க முடியாது. சாக்கில் சாய்ந்து, கண்ணை மூடி, தன் வழியில் போய்க்கொண்டே இருப்பாள். அவள் இருந்தால் மற்றவர்களும் தட்டுத்தடுமாறி அவள் பின்னால் வந்துவிடுவார்கள். முன்பெஞ்சுக்காரிகள், கணக்கில் நூறு வாங்குகிறவர்கள், பீரியடு மணி அடித்ததும் ஓடிவந்து அவள் பக்கத்தில் இடம்பிடிப்பார்கள். "ஏட்டி புஷ்பம், எனக்க பக்கத்துல நில்லுட்டி, இல்லன்னா எனக்குப் போயிரும்." காலையில் மரம் என்று கூப்பிட்ட அதே வாய்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு ஒரு பாட்டுக்கும் மெட்டு தெரியாது. ஆல்டோ மட்டும்தான் தெரியும். டீச்சர் முதல் நாளே அவளை அந்த மூலையில் நிறுத்தி அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தார். அவள் அதுதான் பாட்டு என்று எடுத்துக்கொண்டாள். நாங்கள் பாடுவது ஏதோ துணைக்கு என்று நினைத்திருக்கிறாள்! வீட்டில் போய்ப் பாடிக் காட்டினால், அவள் அம்மா அடுப்படியிலிருந்து, "என்னட்டி இது? தாலாட்டுக்கும் சேரல, ஒப்பாரிக்கும் சேரல, தொண்டையில முள்ளு கிள்ளு மாட்டிச்சா?" என்று கேட்பாளாம். தேசிய கீதத்தையே அவள் இரண்டாம் குரலில்தான் பாடுவாள். அவர்கள் கும்பிடப் போகும் நிழல்தாங்கலில் எல்லோரும் சேர்ந்து உகப்படிப்பு ஜெபம் சொல்லும்போது கூட ஒருநாள் பழக்கதோஷத்தில் ஒரு படி கீழே போயிருக்கிறாள். பக்கத்தில் நின்ற அத்தை தொடையில் கிள்ளினாளாம். "அங்கயும் கிள்ளு, இங்கயும் கிள்ளு" என்று எங்களிடம் வந்து தடிப்பைக் காட்டினாள்.

அந்தப் பாட்டு வகுப்பால் என்ன லாபம் என்று இப்போது யாராவது கேட்டால் நான் பள்ளிக்கூடத்தைக் காட்ட மாட்டேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் சாவு வீட்டில்தான்.

ரோஸ்லெட் டீச்சருக்கு முன்னால் ஒரு டீச்சர், அவருக்கு முன்னால் ஒருவர் என்று அந்த அறையில் ஊரே பாடிப் பழகியிருந்தது. யார் வீட்டிலாவது துக்கம் என்றால், குளிப்பாட்டிக் கிடத்துவதற்குள் ஆள் வந்துவிடும். சொல்லி அனுப்ப வேண்டாம். கொட்டாரம் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு வருவார், அவர் பேஸ். தேங்காய் லாரி ஓட்டுகிறவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வருவார், டெனர். இந்துவா கிறிஸ்தவரா என்று யாரும் பார்த்ததில்லை. எந்தக் குரல் என்று மட்டும்தான் பார்ப்பார்கள். முற்றத்தில் யாரும் சொல்லாமலே நாலு பக்கமாகப் பிரிந்து நிற்பார்கள், பாட்டு அறையின் நாலு மூலையையும் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிவந்தமாதிரி.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தக் கடைக்காரருக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை, கேஸ் கோர்ட்டில். அந்த வீட்டு அம்மா இறந்த அன்று எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தன் இடத்தில் போய் நின்றார், பாடினார், செருப்பை மாட்டிக்கொண்டு போனார். "கேஸ் கேஸுக்க வழியில நடக்கட்டு. பேஸ் இல்லாம அந்தக் கிழவிய எப்படிப் பொதைக்க?" என்றாராம் கடையில். மறுநாள் அதே வீட்டுக்காரர் மேல் அடுத்த வாய்தாவுக்குப் போனார். சமாதானமெல்லாம் ஆகவில்லை, அப்படிச் சொன்னால் பொய். ஆனால் பகையாளி வீட்டு முற்றத்திலும் தனக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது என்று ஒரு மனிதனுக்குத் தெரிந்திருந்தது. அதை எந்தப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், சொல்லுங்கள்.

இந்த இடத்துக்குத்தான் எங்கள் தலைமையாசிரியர் வந்து சேர்ந்தார். பெயர் வேண்டாம், எங்களுக்கு அவர் நூறு சார். வந்த முதல் நாள் பிரேயரில் அவர் பேசிய பேச்சில் ஜெபத்தைவிட நூறு அதிகம் வந்தது. நூற்றுக்கு நூறு ரிசல்ட், நூற்றுக்கு நூறு வருகை.

கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸில் ஒரு துண்டுகூட அவர் வீட்டுக்குப் போகாது. இருட்டுகிறவரை இருந்து, ஒரு பைசா வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். கடலோரத்துப் பிள்ளைகள் நின்றுவிட்டால் குளச்சல்வரை பஸ் ஏறிப் போய் வீட்டில் பேசிக் கூட்டிவருவார். அவர் கையால் முன்னுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர், போன மாதம் பந்தலில் பாதிப் பேர் அவர்கள்தான். ஒரு கெட்ட மனுஷன் கெடுத்திருந்தால் வைது தீர்த்துவிட்டுப் போயிருப்பேன். நல்லவர் கெடுத்ததை எங்கே கொண்டுபோய் வைய?

நாங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம் டைம்டேபிளில் பாட்டு இருந்த இடத்தில் கணக்கு இருந்தது. ரோஸ்லெட் டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போனார். நாங்கள் ஜன்னலடியில் நின்று கேட்டோம். டீச்சர் என்னென்னவோ சொன்னார், ஆல்டோ இப்போதுதான் நிற்கத் தொடங்கியிருக்கிறது, ஒரு வருஷம் விட்டால் எல்லாம் கலைந்துவிடும் என்று. சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல, "செரி டீச்சர், இந்த ஆல்டோவுக்கு எத்தன மார்க்கு?" என்று கேட்டார்.

டீச்சர் கைக்குட்டையை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். என்ன சொல்வது? நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து பலநாள் யோசித்திருக்கிறேன். இன்றுவரை வரவில்லை.

ஆர்மோனியம் ஸ்டீல் பீரோவின் தலைக்கு ஏறியது. பாட்டு அறை ஸ்பெஷல் கிளாஸ் அறையானது. ஆனால் ஆண்டு விழாவுக்குப் பாட்டு மட்டும் வேண்டும் என்றார் சார். விருந்தாளிகள் வருவார்கள் அல்லவா? மாடு வேண்டாம், பால் வேண்டும் என்கிற கதை. மதியச் சாப்பாட்டு வேளையில் பாதி சோற்றை விட்டுவிட்டு ஓடிப்போய், கிணற்றடியில் நின்று பாடிப் பழகினோம். அந்த நாட்களில் தங்கபுஷ்பத்தைப் பார்க்க வேண்டும். காலை முழுக்க வேப்பமரத்தைப் பார்த்து நிற்பவள், மணி அடித்ததும் முதல் ஆளாகக் கிணற்றடியில் நிற்பாள். நடுங்குகிற ஆல்டோக்காரிகளை அதட்டுவாள். அவள்! "ஏட்டி, அவ கத்துனா கத்தட்டும். நீ எனக்க மூஞ்சிய பாத்துப் பாடு."

அரையாண்டுப் பரீட்சை முடிந்தது. நூறு எட்டுவதற்குத் தடையாக இருந்த பிள்ளைகளின் வீட்டுக்குச் சார் ஆள் விட்டார். டிசி வாங்கிக்கொள்ளட்டும், பிரைவேட்டாக எழுதிக்கொள்ளட்டும் என்று. அப்போது அது எங்களுக்கு விசித்திரமாக இருந்தது. இப்போது பல இடத்தில் இது வழக்கம், யாரும் குரலைக்கூடத் தாழ்த்திக்கொள்வதில்லை.

தங்கபுஷ்பத்தின் அப்பா வந்தார். உள்ளே என்ன பேச்சு நடந்தது என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள், இரண்டு பேர் குரலையும் மாற்றி மாற்றி நடித்து. அவளுக்கு அதெல்லாம் நன்றாக வரும்.

"அப்பா சொல்லுதாரு, சாரே, எனக்க பிள்ள காலைல எந்திரிச்சு தலை சீவி நிக்கது பாட்டுப் படிக்கத்தான். மொதல்ல பாட்ட எடுத்திய, இப்பம் பிள்ளைய எடுக்கச் சொல்லுதிய. சார் சொல்லுதாரு, அண்ணே, ஒரு பிள்ளைக்காண்டி மொத்தப் பள்ளிக்கொடத்துக்க பேரையும் கெடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. அப்பா பாவம், ஏதோ ஞாயம் போலத் தெரிஞ்சு போச்சு, தலைய ஆட்டிட்டாரு."

"நீ ஒண்ணும் சொல்லலியாட்டி?"

"கேட்டேன். ஆண்டு விழாவுக்கு மட்டும் வந்து பாடிட்டுப் போவட்டா சார்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

அவள் சாரின் குரலில் சொல்லத் தொடங்கினாள். "டிசி வாங்குன பிள்ளைக்கு மேடையில..." அதற்குமேல் நடிப்பு வரவில்லை. வேலியில் கிடந்த கொடியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். "மெட்டுப் பாட ஆயிரம் பேரு இருக்கிய" என்றாள் கடைசியில். "ஆல்டோவுக்கு நான்தானட்டி."

ஆண்டு விழா அன்று பட்டுப்பாவாடை கட்டி மேடையில் ஏறினோம். முதல் வரி நாலு குரலிலும் போனது. இரண்டாம் வரியில் ஆல்டோவில் ஒருத்தி நழுவினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். என் காதிலேயே கேட்டது, செவியில்லாத என் காதில், பாட்டுக்குக் கீழே பலகை உருவிக்கொண்டு போகிறமாதிரி. டெனர்காரப் பையன்கள் எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் முழித்தார்கள், அவர்களும் மெட்டுக்கு வந்தார்கள். முடிக்கும்போது எல்லோரும் ஒரே குரலில், ஒரே சத்தமாக முடித்தோம். கைதட்டல் மேடையைத் தூக்கியது. சார் எழுந்து மைக்கில், "எவ்வளவு ஒற்றுமையாகப் பாடினார்கள்!" என்றார். மனதாரச் சொன்னார். இறங்கி வந்தபோது படியில் ரோஸ்லெட் டீச்சர் நின்றிருந்தார். அன்றைக்கு ஜலதோஷம் இல்லை. "கேட்டியா மக்களே?" என்றார். நான் மண்டு, "நல்லா இருந்துதா டீச்சர்?" என்றேன். "யாருக்கும் ஒண்ணும் கேக்கல, பாத்தியா" என்று சொல்லிவிட்டு நடந்துபோய்விட்டார்.

அந்த வருஷம் நூறு வந்தது. போர்டு வைத்தார்கள். டீச்சர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

தங்கபுஷ்பம் பிரைவேட்டாக எழுதவுமில்லை. குளச்சல் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். முந்திரி ஆலையில், எங்கள் பாஷையில் அண்டி ஆபீஸில், கொட்டை உடைக்கப் போனாள். எப்போதாவது துணி தைக்க என் கடைக்கு வருவாள். ஆலையில் ரேடியோ பாடும். சினிமாப் பாட்டுக்கு அவளாக ஓர் இரண்டாம் குரல் கட்டிப் பாடுவாளாம். முதலில் பக்கத்திலிருப்பவர்கள் சிரித்தார்களாம், பிறகு அவள் வராத நாளில் பாட்டு மொட்டையாக இருக்கிறது என்றார்களாம். இதைச் சொல்லும்போது கொட்டைத் தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் ரவிக்கை தைக்க உட்கார்ந்தவள்தான். இப்போது அந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு உடுப்பு தைப்பது நான்தான். சாட்டின் துணி, பளபளவென்று ஜரிகை, ஒரு நாள் கூத்துக்கு ஒரு தையல் போதும் என்பார்கள். போன விழாவில் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். குரல் மட்டும் பிள்ளைகளுடையது இல்லை. எங்கிருந்தோ பதிவு செய்து வாங்கின பாட்டு. இவர்கள் வாயை மட்டும் அசைக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் ஊக்கு மாட்டிவிடும்போது ஒரு குட்டியிடம் கேட்டேன், "பாட்டு தெரியுமா மக்கா?" அவள் சொன்னாள், "தெரியாண்டாம் ஆன்டி. வாய் அசைச்சாப் போதும்னு மிஸ் சொன்னாங்க." கீழே அப்பா அம்மாக்கள் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கலைக்கு அந்தப் பள்ளிக்கூடம் அளிக்கும் முக்கியத்துவம் பற்றி விருந்தாளி நெடுநேரம் பேசினார்.

சரி, பந்தலுக்கு வருகிறேன். சாக்கு வாசனையில் குனிந்திருந்த என்னை ஒரு கை உலுக்கியது. "சிரிக்கியா அழுவுதியாட்டி?" தங்கபுஷ்பம். குளச்சலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"நீ என்னத்துக்குட்டி வந்த?" என்றேன். வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"செத்தது உண்மதானான்னு பாக்க வந்தேன்" என்றாள். பிறகு பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள், நெடுநேரம். "வத்திப்போனாரு மனுசன்" என்றாள்.

ஸ்பீக்கர் இன்னும் இரண்டு தடவை எங்களை டாக்டராக்கப் பார்த்தது. பிறகு இங்கிலீஷில் ஏதோ முனகி, சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. எடுக்கிற நேரம். போதகர் பாட்டு நம்பர் சொன்னார். யாரும் தொடங்கவில்லை. சர்ச் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஏதோ நுழைவுத்தேர்வு வகுப்பு, வந்திருக்கவில்லை. பாட்டுக்கு வாத்தியம் வாசிக்கிற தம்பியும் இல்லை. சாரிடம் படித்து டாக்டரான, இன்ஜினியரான, வங்கியில் மேலாளரான அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்கள். தொண்டையைச் செருமினார்கள், அவ்வளவுதான். ஐஸ் பெட்டி உறுமுவது மட்டும் கேட்டது.

அப்போது பக்கத்தில் ஒரு குரல் எழுந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அதே குரல், கொஞ்சம் கரகரத்துப்போன அதே குரல். ஆனால் அவளுக்குத் தெரிந்தது ஆல்டோ மட்டும்தானே? மெட்டு இல்லாத ஆல்டோ, மேல்துணி இல்லாத லைனிங். நாலைந்து சுரத்திலேயே போய் வந்து, ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல், விழ வேண்டிய இடத்தில் விழாமல், தன் வழியில் நேராகப் போனது. இளம்பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள்.

தங்கபுஷ்பம் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. மெட்டைத் தூக்கு என்கிறாள். உங்களிடம் சொல்லவில்லை அல்லவா, தைராய்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து என் கோயில் மணி உடைந்த மணி. கடையில் உரக்க அளவு சொல்ல வேண்டுமென்றால் ஜாடைதான். என்றாலும் வாயைத் திறந்தேன். முதலில் காற்று வந்தது. பிறகு ஏதோ ஒன்று வந்தது. ஒரு வரி, ஒரே ஒரு வரி, இரண்டு குரலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. அரிசிச் சாக்கு வாசனையோடு முழுதாக ஒரு வரி.

"ஆன்டி." பேரன் குனிந்து நின்றான், மரியாதையான பையன், தாத்தாவின் சாயல். "தப்பா நெனச்சுக்காதீங்க. ட்யூன் மாறிப் போவுது. நான் சார்ஜ் போட்டுட்டேன், பாட்டப் போட்டுருதேன்."

தங்கபுஷ்பம் நிறுத்தினாள். "செரி மக்கா, போடு" என்றாள்.

பாட்டு ஓடியது. பெட்டியை எடுத்தார்கள். எல்லோரும் வாயை அசைத்துக்கொண்டே கல்லறைவரை நடந்தார்கள்.

கொட்டாரம் பஸ் ஸ்டாப்பில் அவளோடு நின்றேன். பஸ் வருவதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நான் தப்பாவா பாடுனேன்?" என்று கேட்டாள்.

"இல்லட்டி."

"பொறவு ஏன் எனக்கே தப்பாக் கேட்டுது?"

அவள் பாடியதில் அணுவளவும் பிழையில்லை. ஆனால் அது பிழையில்லை என்று தெரியச் சுற்றி மூன்று குரல் வேண்டும். பேஸ் பாடிய கடைக்காரர் போய்விட்டார். அவரை அடக்கம்செய்யும்போதே பேஸ் இல்லை. லாரிக்காரர் மகனோடு சார்ஜாவில். என் தொண்டை கத்திக்குப் போயிற்று. போகிறவர் இடத்துக்கு ஆள் எழுந்து வந்துகொண்டிருந்த அந்தப் பின்கட்டு அறையில் இப்போது வரிசையாகக் கம்ப்யூட்டர். அரிசிச் சாக்கையும் வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பஸ் கிளம்பித் திரும்பும்போது ஜன்னலோரத்தில் அவள் வாய் அசைவது தெரிந்தது. பாடுகிறாளா, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.